இன்னும் 200 மணிநேரம் விலைக்கு வாங்கட்டுமா?

கேள்வி:

வணக்கம் கேப்டன் சார். குரோம்பேட்டையில் இருக்கிறேன், வயது 24. சி.பி.எல். (விமானி வேலைக்கான கமர்ஷியல் லைசென்ஸ்) வாங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. இதுவரை பறந்தது 208 மணிநேரம். மல்டி என்ஜின் ரேட்டிங், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இரண்டும் இருக்கின்றன. திண்டிவனம் பக்கம் இருந்த நிலத்தை விற்றும் வங்கியில் கடன் வாங்கியும் அப்பா படிக்க வைத்தார். இரண்டு ஏர்லைன்களுக்கு முயன்றேன். இரண்டிலும் எழுத்துத் தேர்வோடு நின்றுவிட்டது. பெரிய விமானம் என்று ஆசைப்படவில்லை, ஏ.டி.ஆர். என்கிற புரொப்பெல்லர் விமானம் ஓட்டும் சின்ன ஏர்லைனில் சேர்ந்தால் போதும். அண்ணா நகரில் ஒரு கன்சல்டன்ட், "200 மணிநேரத்தோடு போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அமெரிக்காவில் இரண்டே மாதத்தில் இன்னும் 200 மணிநேரம் ஏற்றித் தருகிறோம், தங்குமிடத்தோடு 16 லட்சம்" என்கிறார். 25,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டேன். கூடப் படித்த ஒருவன், அவ்வளவு செலவு எதற்கு, பறந்த மணிநேரத்தைப் பதிகிற லாக்புக்கைச் சரிசெய்து தர ஆள் இருக்கிறது என்கிறான். இன்னொருவன் இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிடு என்கிறான். இன்ஸ்ட்ரக்டர் ஆகிவிட்டால் கடைசிவரை அங்கேயே இருந்துவிடுவேனோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் அந்தக் கன்சல்டன்ட் மறுபடியும் போன் செய்தாலும் செய்வார். காரணத்தை நிதானமாகப் பார்ப்போம்.

ஏர்லைனில் சேருவதற்கு முன்னால் ஹவர்ஸ் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அது வாழ்க்கையில் ஒரு தனிக் கட்டம். கமர்ஷியல் லைசென்ஸ் பொதுவாக 250 மணிநேரத்தில் கிடைத்துவிடும். ஆனால் ரீஜனல் ஏர்லைனில் கோ-பைலட்டாக உட்கார 1,500 வேண்டும். விமானத் துறையில் பட்டம் படித்தவர்களுக்கு 1,000, ராணுவத்திலிருந்து வருபவர்களுக்கு 750 என்று சலுகை உண்டு. நடுவில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் மணிநேரத்துக்காக அந்தப் பிள்ளைகள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், கடற்கரை மேல் விளம்பரத் துணியை இழுத்துக்கொண்டு பறக்கிறார்கள், எண்ணெய்க் குழாய் போகிற பாதையை மேலிருந்து பார்வையிடுகிறார்கள், பாராசூட்டில் குதிப்பவர்களை ஏற்றிக்கொண்டு நாளெல்லாம் ஏறி இறங்குகிறார்கள். நம் ஊரில் மெரினா மேல் துணி இழுக்கிற வேலைக்கு யார் ஆள் எடுக்கிறார்கள்?

அந்த 1,500 எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்தது. கியூ400 என்கிற டர்போபிராப் அது, அதாவது புரொப்பெல்லர் வைத்த பயணிகள் விமானம், ஏறக்குறைய நான் ஓட்டுகிற ஏ.டி.ஆர். வகை. விமானத்தில் இருந்த 49 பேரும் அந்த வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். இறங்குவதற்குத் தயாராகும்போது வேகம் குறைந்துகொண்டே போனதை முன்னால் இருந்த இருவருமே கவனிக்கவில்லை. வேகம் போதவில்லை, இறக்கை இனித் தூக்காது என்று எச்சரிக்க கண்ட்ரோல் நடுங்கும். ஸ்டிக் ஷேக்கர் என்போம். இறக்கை தூக்காத நிலை வந்தால் மூக்கைக் கீழே விட வேண்டும் என்பது செஸ்னா என்கிற சிறு பயிற்சி விமானத்தில் முதல் மாதத்திலேயே நாம் எல்லோரும் படித்த பாடம். அந்தக் கேப்டன் மேலே இழுத்தார்.

இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் போராடியதில் 2010-இல் சட்டம் வந்தது, 2013-இல் 1,500 மணிநேர விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒன்று பாருங்கள். அந்தக் கேப்டனிடம் 3,379 மணிநேரம் இருந்தது. கோ-பைலட்டிடம் 2,244. விபத்து நடந்த அன்றைக்கு இரண்டு பேருமே 1,500-ஐத் தாண்டியிருந்தார்கள். கேப்டன் தன் தொழிலில் பல தேர்வுப் பறத்தல்களில் முதல் தடவை தேறாதவர் என்பதும், கோ-பைலட் முந்தைய இரவு நாட்டின் மறு கோடியிலிருந்து விமானத்தில் ஏறி வந்து சரியாகத் தூங்காமல் வேலைக்கு வந்தவர் என்பதும் விசாரணையில்தான் வெளியே வந்தன. மணிநேரம் கணக்கில் இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் கை சொன்னபடி கேட்கவில்லை. அமெரிக்காவில் இந்த விதி சரியா தவறா என்று இன்றைக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே சி.பி.எல்.லுக்கு 200 மணிநேரம். அதை வைத்துக்கொண்டே கோ-பைலட்டாகச் சேரலாம். கேப்டன் ஆவதற்குத்தான் ஏ.டி.பி.எல். என்கிற மேல்நிலை லைசென்ஸ், அதற்கு 1,500. அந்த 1,500-ஐ ஏர்லைன் சம்பளத்திலேயே சேர்த்துக்கொள்வார்கள். நான் பறக்கிற ஏ.டி.ஆரில் புதிதாக வருகிற கோ-பைலட் மாதம் 60, 70 மணிநேரம் போடுகிறார். நீங்கள் 16 லட்சத்துக்கு வாங்கப் போகிற 200 மணிநேரம் அவருக்கு மூன்று மாத வேலை. அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

208-க்கும் 408-க்கும் நடுவில் கோ-பைலட்டாகச் சேருவதற்கு நம் விதிப்படி எந்த வாசலும் கிடையாது. 300-ஐத் தாண்டினால் இந்தக் கதவு, 400-ஐத் தாண்டினால் அந்தக் கதவு என்று எதுவும் இல்லை. கன்சல்டன்ட்டிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், என்ன சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறைத்த வரி வேறு. இரண்டு இடத்திலும் எழுத்துத் தேர்வோடு நின்றுவிட்டது என்கிறீர்கள். அந்தத் தாளில் உங்கள் மணிநேரத்தை யாராவது கேட்டார்களா? வானிலை, வழிகாட்டல், விதிமுறைகள், என்ஜின், இறக்கை எப்படித் தூக்குகிறது, இவ்வளவுதானே கேட்டிருப்பார்கள். நீங்கள் தடுக்கி விழுந்த இடம் மேசையில் இருக்கிறது, அதைச் சரிசெய்ய அமெரிக்க வானத்துக்குப் போகச் சொல்கிறார் ஒருவர். பல் வலிக்குக் கண்ணாடி மாற்றுகிற மாதிரி. லைசென்ஸ் கொடுக்கிற மத்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் தேர்வுத் தாள்களைக் கேள்வி வங்கியை உருப்போட்டுத் தேறுகிற பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது, நீங்கள் மட்டும் விதிவிலக்காக இருந்திருக்க மாட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தேறி வருடமானால் உருப்போட்டது கரைந்துவிடும். அந்தப் புத்தகங்களை மறுபடியும், இந்த முறை ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டு படியுங்கள். இன்னொன்று செய்யலாம்: சென்னையில் இந்தத் தாள்களுக்குக் கோச்சிங் நடத்துகிறவர்களிடம் போய் வானிலைப் பாடம் எடுக்கிறேன் என்று கேளுங்கள். சம்பளம் சொற்பம்தான். ஆனால் பத்துப் பேர் முன்னால் நின்று பனிநிலைப் புள்ளியை விளக்கியவன் அதை மறப்பதில்லை.

அமெரிக்கப் பேக்கேஜில் இன்னொரு சங்கதி இருக்கிறது, விளம்பரத்தில் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஒரு செஸ்னாவில் இரண்டு பேரை ஏற்றுவார்கள். ஒருவர் வெளியே தெரியாதபடி கண்ணை மறைத்துக்கொண்டு கருவிகளைப் பார்த்து ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர் வெளியே பார்த்துக்கொள்ளும் சேஃப்டி பைலட். அமெரிக்க விதிப்படி முறையாகச் செய்தால் ஒரே மணிநேரத்தை இரண்டு பேரும் எழுதிக்கொள்ளலாம், சட்டத்தில் தப்பில்லை. ஆக 200 மணிநேரத்தில் பாதி நேரம் நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நேர்முகத்தில் எதிரே இருப்பவர்களும் விமானிகள்தான். "இந்த மணிநேரத்தில் கண்ட்ரோல் யார் கையில்?" என்று கேட்க அவர்களுக்குத் தெரியும்.

சரி, நல்ல மணிநேரம் என்றால் என்ன? என் கதை ஒன்றைச் சொல்கிறேன், பெருமைப்படுகிற கதை இல்லை.

எனக்கு அப்போது 160 மணிநேரம் இருக்கும். வேறு மாநிலத்தில் ஒரு ஃபிளையிங் கிளப், ஏப்ரல் மாதம், தனியாக கிராஸ் கன்ட்ரி, அதாவது வழி பார்த்துத் தொலைவூருக்குப் பறப்பது. எனக்கும் ஹவர்ஸ் பைத்தியம்தான். அன்றைக்கு மூன்று மணிநேரம் சேரும் என்ற கணக்கு மட்டும்தான் மனதில். வரைபடத்தில் ஒரு ஆறு நல்ல நீலத்தில், விரல் கனத்தில் போட்டிருந்தது. அதைக் கடந்ததும் இடது பக்கம் திரும்ப வேண்டும். புழுதி மங்கலில் நானும் தண்ணீரைத் தேடிக்கொண்டே போனேன். ஏப்ரலில் அந்த ஆறு வெறும் மணல் என்பது உறைப்பதற்குள் அதைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டேன். கீழே ஒரு ஊர் தெரிந்தது. அது எந்த ஊர் என்று வரைபடத்தில் தேடினேன், மூன்று ஊர்கள் அதே மாதிரி இருந்தன. ரேடியோவை அழுத்தி "எனக்கு இடம் தெரியவில்லை" என்று சொல்ல எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. வெட்கம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் டவரில் இருந்தவர் என்னைப் பேசச் சொல்லி, என் ரேடியோ அலை வருகிற திசையை வைத்தே திரும்ப வேண்டிய திசையைச் சொன்னார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

இறங்கியதும் என் இன்ஸ்ட்ரக்டர் லாக்புக்கைத் திறந்து, குறிப்பு எழுதும் கட்டத்தைக் காட்டினார். "வழி தவறினேன், 12 நிமிடம் யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுது" என்றார். அழுகை வந்தது, எழுதினேன். பல வருடம் கழித்து ஏர்லைன் நேர்முகத்தில் ஒரு பெரியவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து சரியாக அந்த வரியில் விரலை வைத்தார். அடுத்த இருபது நிமிடம் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டார். மொத்தம் எத்தனை மணிநேரம் என்று அவர் கேட்டதாகவே நினைவில்லை.

அதனால் இன்று இரவு உங்கள் லாக்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். 208 மணிநேரத்தில் எத்தனை வரிக்கு உங்களால் கதை சொல்ல முடிகிறது? காற்று எங்கிருந்து அடித்தது, எந்த ஓடுபாதை, எதற்காகத் திரும்பி வந்தீர்கள், எந்த லேண்டிங்கைக் கைவிட்டு மறுபடி சுற்றினீர்கள். ஞாபகம் இருப்பதைத் தனி நோட்டில் எழுதுங்கள். லாக்புக்கில் இப்போது எதையும் சேர்க்க வேண்டாம்.

சேர்ப்பது என்றதும் லாக்புக்கைச் ‘சரிசெய்ய’ ஆள் இருக்கிறது என்ற அந்த நண்பர் ஞாபகம் வருகிறார். பறக்காமல் எழுதுகிற மணிநேரத்தைப் பேனாவில் பறந்தது என்று எங்கள் வட்டாரத்தில் கேலி செய்வோம். கேலியோடு போகிற விஷயம் இல்லை. 2011-இல் ஒரு விமானி பயணிகள் விமானத்தை முன்சக்கரம் முதலில் படும்படி இறக்கினார். அதை விசாரிக்கப் போனதில் அவருடைய மதிப்பெண் சான்றிதழே போலி என்று தெரிந்தது. அங்கே தொடங்கி டி.ஜி.சி.ஏ. மற்றவர்களின் லைசென்ஸ்களையும் தோண்ட, பலர் கைதானார்கள். பறக்காத மணிநேரத்துக்குச் சான்று கொடுத்த பயிற்சி இடமும் அதே வருடம் சிக்கியது. ஒரு விமானம் எப்போது கிளம்பியது, எவ்வளவு எரிபொருள் போட்டது, என்ஜின் எத்தனை நேரம் ஓடியது, டவர் எத்தனை மணிக்கு அனுமதி கொடுத்தது என்று ஒரே பறத்தலுக்கு நாலு இடத்தில் பதிவு இருக்கிறது. நாலையும் ‘சரிசெய்ய’ அந்த ஆளால் முடியாது. அந்த நண்பரோடு சினிமாவுக்குப் போங்கள், இந்தப் பேச்சு மட்டும் வேண்டாம்.

இன்ஸ்ட்ரக்டர் விஷயத்தில் உங்கள் வீட்டாரோடு நான் ஒத்துப்போகவில்லை. நீங்கள் பறந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்கு நீங்கள் காசு கொடுக்காமல் உங்களுக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும் என்றால், இந்தியாவில் 200 மணிநேரக்காரனுக்கு இருக்கிற நேர்வழி ஏறக்குறைய இது ஒன்றுதான். விமானத்தை வாடகைக்கு விடுகிற சின்ன சார்ட்டர் கம்பெனிகளில் கிங் ஏர் மாதிரி சிறிய விமானத்தில் கோ-பைலட் இடம் எப்போதாவது வரும், வந்தால் விடாதீர்கள். ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. முதலில் உதவி இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங், தலைமை இன்ஸ்ட்ரக்டரின் மேற்பார்வையில் வேலை. அனுபவம் சேர்ந்ததும் முழு இன்ஸ்ட்ரக்டர். அதற்கும் செலவு உண்டு, ஆனால் 16 லட்சத்தோடு ஒப்பிடுகிற செலவு இல்லை. முடிவில் கையில் ஒரு வேலை இருக்கும்.

நான் மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தேன், ஏறக்குறைய 1,100 மணிநேரம். அதில் முக்கால்வாசி ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான். கேட்டால் சலிப்பாக இருக்கும். உள்ளே உட்கார்ந்து பாருங்கள். ஒரு பையன், நல்ல கெட்டிக்காரன், தரைக்குப் பத்தடி மேலே வந்ததும் பயந்து கண்ட்ரோலை வெடுக்கென்று இழுப்பான். விமானம் பலூன் மாதிரி மேலே எழும்பும், வேகம் கரையும். உடனே நான் பிடுங்கிக்கொண்டால் அவன் கற்றுக்கொள்ள மாட்டான். தாமதித்தால் இரண்டு பேரும் ஓடுபாதையில் சக்கரத்தை உடைத்துக்கொண்டு நிற்போம். அந்த இரண்டு விநாடிக்குள் எங்கே கை வைப்பது என்று தினமும் முப்பது தடவை முடிவெடுத்தேன். கை தொடைமேல், கண் வேகமானியில். இன்றைக்கு என் பக்கத்தில் புதுக் கோ-பைலட் இறக்கும்போது நான் செய்வது அதே வேலைதான், பின்னால் எழுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மட்டும் கூடுதல். கோல்கன் விமானத்தில் தப்பிப் போனது வேகம்தானே. மாணவனோடு நாள் முழுக்க உட்கார்ந்தவனுக்கு வேகமானியை விட்டுக் கண் நகராது.

உங்களுக்குத் தாம்பரம் பத்து நிமிடத் தூரம். விமானப்படையின் ஃபிளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் அங்கேதான் இருக்கிறது. நாட்டின் போர் விமானிகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுப்பவர்கள், எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைக் கற்றுக்கொள்ள அங்கே வருகிறார்கள். தேர்ந்த விமானிகளையே அனுப்பிப் படிக்கவைக்கிற வேலை அது. வேலை கிடைக்காதவன் ஒதுங்குகிற இடம் என்று நினைத்தால் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

எங்கே போய்ச் செய்வது என்று கேட்பீர்கள். பள்ளியின் பெயரை நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். டி.ஜி.சி.ஏ. 2025-இல் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை போடத் தொடங்கியது. முதல் பட்டியலில் ஏ பிளஸும் ஏ-வும் ஒரு பள்ளிக்கும் கிடைக்கவில்லை. அதைப் பாருங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். நேரில் போய் ஹாங்கரில் எத்தனை விமானம் நிற்கிறது, அதில் எத்தனை இன்றைக்குப் பறந்தது என்று எண்ணுங்கள். மாணவர்களிடம் டீக்கடையில் பேசுங்கள், அலுவலகத்தில் சொல்லாததை அங்கே சொல்வார்கள். மீனம்பாக்கத்தில் பெரிய விமானங்களுக்கு நடுவே செஸ்னாவுக்கு நேரம் கிடைப்பது பெரும்பாடு, அதனால் வெளியூர் போகத் தயாராக இருங்கள். சேலம் விமான நிலையத்திலும் பயிற்சிப் பள்ளிக்கு இடம் ஒதுக்கினார்கள், அது பக்கம்.

ஏ.டி.ஆர். போதும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ‘போதும்’ கொஞ்சம் குத்தியது! பரவாயில்லை. ஆனால் அது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்துகொண்டு வாருங்கள். ஏர்பஸ் 37,000 அடியில் பெரும்பாலான மேகங்களின் தலைக்கு மேலே போய்விடும். எங்களுக்கு 25,000 அடிதான் எல்லை, பல நாள் அதற்கும் கீழே. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலிலிருந்து வருகிற மேகக் கூட்டத்துக்குள் புகுந்து, ரேடாரில் சந்து பார்த்து வெளியே வருவோம். சேலத்துக்குப் போனால் ஏறி முடித்துத் தண்ணீர் குடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை, சில நாள் ஆறு தடவை ஏறி இறங்குவோம். ஆட்டோ திராட்டில் கிடையாது. வேகத்தைக் கையால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் நிற்கும்போது வலது பக்க புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, அந்த என்ஜினை ஓடவிட்டு மின்சாரம் எடுத்துக்கொள்வோம். அதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். பெயரைக் கேட்டு இட்லி வரும் என்று முதல் நாள் ஒரு பெண் கோ-பைலட் கேலி செய்தார். தூத்துக்குடி ஓடுபாதை நீட்டப்படுவதற்கு முன்னால் பல வருடம் 1,350 மீட்டர்தான். அங்கே போவதற்கு டர்போபிராப்தான் தோது. ஒவ்வொரு தடவையும் சொன்ன இடத்தில் சக்கரத்தை வைக்கக் கற்றுக்கொடுத்தது அந்த ஓடுபாதைதான்.

அப்படிப்பட்ட வேலைக்கு உங்களைத் தயார்செய்யக் காசில்லாத பயிற்சி ஒன்று சொல்கிறேன். காலை ஆறு மணிக்குச் சென்னை விமான நிலையத்தின் வானிலை அறிக்கையை எடுங்கள், மீட்டார் என்கிற அந்த அறிக்கை இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. சித்திரை, வைகாசியில் காலையில் மேற்குக் காற்று, விமானங்கள் ஓடுபாதை 25-இல் கடல் பக்கமிருந்து வந்து இறங்கும். வெயில் ஏறி, மதியவாக்கில் கடற்காற்று நுழைந்ததும் காற்று கிழக்கிலிருந்து வீச ஆரம்பிக்கும், அதே ஓடுபாதையின் மறுமுனையான 07-க்கு மாறும், எல்லாம் மேற்கிலிருந்து வர ஆரம்பிக்கும். இன்றைக்கு அது எத்தனை மணிக்கு நடக்கும் என்று காலையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் திரிசூலம் ஸ்டேஷன் பக்கம் நின்று சரிபாருங்கள். முதல் வாரம் ஒன்றுகூட ஒத்துவராது. ஒரு மாதம் போனால் சட்டை காலரில் படுகிற காற்றிலேயே தெரிந்துவிடும். வானிலைத் தாளில் கடற்காற்று பற்றிக் கேட்டால் புத்தகத்தைத் தேட மாட்டீர்கள்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். மருத்துவச் சான்றையும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கையும் காலாவதி ஆகவிடாதீர்கள், இரண்டுக்கும் உங்கள் வயதில் ஒரு வருடம்தான் ஆயுள். ரேட்டிங் புதுப்பிக்கப் பறக்கிற அந்தச் சில மணிநேரத்தை, முன்பு போகாத ஊருக்கு, கொஞ்சம் குறுக்குக் காற்று இருக்கிற நாளில், நல்ல இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பறங்கள். வேலைக்கு உத்தரவு கையில் இல்லாமல், ஏ320 என்கிற ஏர்பஸ்ஸை ஓட்டத் தனியாக வாங்க வேண்டிய டைப் ரேட்டிங்கைக் கடன் வாங்கிச் செய்யாதீர்கள். அதே கன்சல்டன்ட் அடுத்ததாக அதைத்தான் கொண்டுவருவார். டைப் ரேட்டிங் போட்டுவிட்டு, ஓட்ட விமானம் இல்லாமல் மறுபடி மறுபடி சிமுலேட்டருக்குக் காசு கட்டுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

25,000 ரூபாய் முன்பணத்துக்கு ரசீது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், போனில் பேச வேண்டாம். ஒரே விமானத்தில் எத்தனை பேர், எந்தப் பள்ளி, 200 மணிநேரத்தில் கண்ட்ரோல் என் கையில் எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் லெட்டர்பேடில் பதில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். கிடைத்தால் அதை இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் கணக்கில் போடுங்கள். கிடைக்காவிட்டாலும் 25,000-த்தைக் காப்பாற்ற இன்னும் பதினஞ்சே முக்கால் லட்சத்தைக் கட்டிவிடாதீர்கள்.